4 கிலோபைட், ஒற்றை ஃபைல், அரை டஜன் பேக்கேஜ்: எது சின்ன ஃபிரேம்வொர்க்?

இணையதளம் கட்டத் தேவையான அடிப்படை நிரலைத் தயாராகத் தருவதுதான் வெப் ஃபிரேம்வொர்க். ரெயில்ஸ், ஜாங்கோ போன்ற பெரியவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மிச்சமிருக்கும் ஃபிரேம்வொர்க்குகளில் பல தங்களை "மைக்ரோ" என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. எதை வைத்து மைக்ரோ என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு வரும். ஒருவர் பைட்டை எண்ணுவார், ஒருவர் ஃபைலை எண்ணுவார், இன்னொருவர் கற்றுக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான் என்பார். ரூபி மொழியின் கேம்ப்பிங், பைத்தான் மொழியின் பாட்டில், ஃபிளாஸ்க் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்த மூன்று கணக்கும் எங்கெங்கே இடிக்கின்றன என்று தெரியும்.

கேம்ப்பிங்கிலிருந்து தொடங்கலாம், கதை அங்கேதான் சுவாரசியம். "ஒய் தி லக்கி ஸ்டிஃப்" என்ற புனைபெயரில் ரூபி உலகைக் கலக்கிய மனிதர் 2006-ல் வெளியிட்டது. ஃபிரேம்வொர்க்கின் மொத்த நிரலும் 4 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது என்பது அன்றைய விதி. விதி என்றால் வெறும் பேச்சு இல்லை. வெளியிடும் முன் ஃபைலைத் தயார்செய்யும் பில்ட் ஸ்கிரிப்டிலேயே ஃபைல் அளவைச் சோதிக்கும் வேலை ஒன்று இருந்தது, வரி நீளத்தைச் சோதிக்க இன்னொன்று.

இந்த நெருக்கடிக்குள் எப்படி அடக்கினார்கள்? முதலில் பெயர்கள் சுருங்கின. எந்த முகவரிக்கு எந்த நிரல் என்று சொல்லும் வழித்தடத்துக்கு ஒற்றை எழுத்து, பதில் அனுப்பும் மெத்தடுக்கு ஒற்றை எழுத்து, பெயர்-மதிப்பு ஜோடிகளை வைக்கும் ஹேஷுக்கும் ஒற்றை எழுத்து. அப்புறம் தந்திரங்கள். புது அப்ளிகேஷன் ஒன்றைப் பிறக்கவைக்க கேம்ப்பிங் செய்வதைப் பாருங்கள்: தன் சொந்த சோர்ஸ் ஃபைலையே வாசிக்கிறது, அதில் "கேம்ப்பிங்" என்று வருகிற இடத்திலெல்லாம் உங்கள் அப்ளிகேஷனின் பெயரைப் போடுகிறது, மாற்றிய நிரலை அப்படியே இயக்குகிறது. அவ்வளவுதான். உங்கள் வலைப்பதிவுக்கு "பிளாக்" என்று பெயர் வைத்தால், ஃபிரேம்வொர்க்கின் முழுப் பிரதி ஒன்று பிளாக் என்ற பெயரில் உருவாகிவிடும். பிழைப் பக்கத்தின் தலைப்பில் மட்டும் "கேம்ப்பிங்" என்ற சொல்லுக்கு நடுவே ஒரு பின்சாய்வுக்கோடு ஒளிந்திருக்கும். அது இல்லாவிட்டால் அந்தச் சொல்லும் மாற்றத்தில் அடிபட்டு, "பிளாக் பிராப்ளம்" என்று தலைப்பு வந்துவிடும். இப்படி ஒரு குறும்பை ரசிக்காமல் இருக்க முடியாது. ஆனால் முதல் தடவை பார்ப்பவருக்கு அந்தக் கோடு ஏன் அங்கே நிற்கிறது என்று புரியப் பாதி நாள் ஆகும்.

அதைக் கேம்ப்பிங் எழுதியவர்களும் உணர்ந்திருந்தார்கள். அதனால்தான் ஒரே ஃபிரேம்வொர்க்கை இரண்டு ஃபைலாக வைத்தார்கள். ஒன்று, பிழிந்து உலர்த்திய 4 கிலோபைட் பதிப்பு. இன்னொன்று, முழு இடைவெளி, விளக்கக் குறிப்புகளோடு மனிதர் படிக்கக்கூடிய விரிவான பதிப்பு. இரண்டும் உண்மையில் ஒரே நிரல்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் பில்ட் ஸ்கிரிப்டில் ஒரு சோதனை. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். படிக்க ஒன்று, பெருமைக்கு ஒன்று என்று வைத்த பிறகு, 4 கிலோபைட் யாருக்காக? சர்வரில் 4 கிலோபைட்டும் 40 கிலோபைட்டும் ஒன்றுதான். போதாததற்கு, அந்தக் கணக்கில் சர்வரோடு பேச உதவும் ராக் லைப்ரரி வராது, டெம்ப்ளேட் லைப்ரரி வராது, தரவுத்தளத்துக்கான ஆக்டிவ் ரெக்கார்டும் வராது.

பயன்படுத்தக் கஷ்டமா என்றால், அதுவும் இல்லை. இன்டெக்ஸ் என்று கிளாஸ் எழுதினால் முகப்புப் பக்கம். அதற்குள் பக்கத்தைக் கேட்க கெட், ஃபார்மை அனுப்ப போஸ்ட் என்று இரண்டு மெத்தட். கிளாஸ் பெயரின் கடைசியில் என் என்ற எழுத்தைச் சேர்த்தால் அந்த முகவரியில் ஓர் எண் வரும் என்று தானே புரிந்துகொள்ளும். எழுத இனிமையான ஃபிரேம்வொர்க்தான். இடிப்பது வேறு இடத்தில், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பாட்டில் எண்ணுவது ஃபைலை. மார்செல் ஹெல்காம்ப் 2009-ல் தொடங்கியது. ஒரே ஒரு பைத்தான் ஃபைல், அந்த ஃபைலுக்குப் பைத்தானின் சொந்த லைப்ரரியைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. வழித்தடம் பிரிக்கும் ரூட்டிங், டெம்ப்ளேட், ஃபார்ம் வாசிப்பு, பல சர்வர்களோடு பேசும் இணைப்பிகள் எல்லாம் அதற்குள். ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஃபைல், அதனால் பைட் போட்டியில் கேம்ப்பிங்கிடம் படுதோல்வி. ஆனால் இந்தச் சிறுமைக்கு உலகத்தில் ஒரு வேலை இருக்கிறது. இணையமே எட்டாத அலுவலக சர்வர், பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் கருவியைப் பயன்படுத்த அனுமதி தராத நிர்வாகி, பழைய ஹோஸ்டிங் கணக்கு, இங்கெல்லாம் அந்த ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுபோய் நிரலுக்குப் பக்கத்தில் போட்டால் ஓடும். எழுத்துகளைச் சுருக்காததால் ஃபைலைத் திறந்து படிக்கவும் முடிகிறது.

விலை இல்லாமல் இல்லை. வந்தவரை அடுத்த பக்கத்திலும் நினைவில் வைக்கும் செஷன் கிடையாது. கையொப்பமிட்ட குக்கியோடு திருப்திப்பட வேண்டும். தரவுத்தளம், உள்நுழைவு எல்லாம் நீங்களே ஒட்டிக்கொள்ள வேண்டியவை. 0.12 பதிப்பு 2013-ல் வந்தது, 0.13 வர 2024 ஆகிவிட்டது. இதைக் குறை என்பவர்களும் உண்டு. பத்து வருடம் தொந்தரவு செய்யாத ஃபிரேம்வொர்க் என்று கொண்டாடுபவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

ஃபிளாஸ்க் பிறந்ததே இந்த ஒற்றை ஃபைல் மோகத்தைக் கிண்டல் செய்யும்போதுதான். 2010 ஏப்ரல் 1 அன்று ஆர்மின் ரோனாகர் "டினைட்" என்ற பெயரில் ஒரு பொய் ஃபிரேம்வொர்க்கை வெளியிட்டார். வெர்க்சாய்க், ஜிஞ்ஜா என்ற இரண்டு லைப்ரரிகளை ஜிப் செய்து, ஒரே பைத்தான் ஃபைலுக்குள் திணித்து, "பாருங்கள், சார்புகளே இல்லை", அதாவது வேறு லைப்ரரியே தேவையில்லை என்று காட்டினார். முட்டாள்கள் தின வேடிக்கையைப் பலர் நிஜமென்று எடுத்துக்கொண்டதும், அதே மாதம் உண்மையான ஃபிளாஸ்க் வந்தது. இந்த முறை அந்த லைப்ரரிகளை ஒளிக்கவில்லை. இன்று பிப்பில் ஃபிளாஸ்க் நிறுவினால் வெர்க்சாய்க், ஜிஞ்ஜா, மார்க்கப்சேஃப், இட்ஸ்டேஞ்சரஸ், கிளிக், பிளிங்கர் என்று அரை டஜன் கூடவே வரும். மைக்ரோ என்றால் மையம் எளிமையாக இருக்கும், வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர்கள் தரும் விளக்கம்.

சரி, எதை எடுப்பது? "வணக்கம் உலகம்" எழுதிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த ஐந்தாறு வரியில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். உடையும்போது பாருங்கள்.

ஓர் உதாரணம். படம் ஏற்றும் ஃபார்ம் எழுதுகிறீர்கள். ஃபார்ம் விவரம் எந்த வடிவில் போக வேண்டும் என்று சொல்வது என்க்டைப்; ஃபார்ம் டேக்கில் அதை "மல்டிபார்ட்" என்று போட மறந்துவிட்டது, புதியவர் முதல் அனுபவசாலி வரை எல்லோரும் செய்வது. பிரவுசர் ஃபைலை அனுப்பாமல் அதன் பெயரை மட்டும் அனுப்பும். பாட்டிலில் அந்த ஃபைலைக் கேட்டால் "நன்", அதாவது எதுவும் இல்லை என்று வரும். அடுத்த வரியில் "நன்" என்பதற்கு ஃபைல்நேம் என்ற பண்பு இல்லை என்று பைத்தான் கத்தும். அது உண்மைதான், ஆனால் உதவாது. நீங்கள் பைத்தான் நிரலுக்குள் தேடிக்கொண்டிருப்பீர்கள், தவறு எச்டிஎம்எல்லில் இருக்கும். பிழை தேட உதவும் டீபக் முறையில் ஓடும் ஃபிளாஸ்க்கோ, பிரவுசர் பெயரை மட்டுமே அனுப்பியிருக்கிறது, ஃபார்மில் என்க்டைப் சரியில்லை என்று நேராகச் சொல்லிவிடும். இதற்கென்றே அதன் சோர்ஸில் தனி ஃபைல் உண்டு. முகவரி உருவாக்கும்போது ஃபங்ஷன் பெயரில் எழுத்துப்பிழை விட்டாலும், "இதைத்தான் சொல்ல வந்தீர்களா?" என்று சரியான பெயரை எடுத்துக்கொடுக்கும்.

இந்த வாக்கியங்களுக்கெல்லாம் பைட் செலவு. அளவுக்கு வரம்பு வைத்தால் முதலில் வெட்டுப்படுவதும் இவைதான், ஏனென்றால் இவை இல்லாமலும் ஃபிரேம்வொர்க் ஓடும், டெமோவும் அழகாக இருக்கும். கேம்ப்பிங் எனக்கு இடிப்பது இங்கேதான். 4 கிலோபைட்டுக்குள் சிந்தனை எல்லாம் அடங்கிவிட்டது, ஆறுதல் சொல்ல மட்டும் இடம் இல்லை. எத்தனை வசதிகள் என்று வரம்பு வைத்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும். பைட்டுக்கு வைத்ததால் பெயர்களும் விளக்கங்களும் பலியாயின.

ஆக, நான்கு பேர் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் பராமரிக்கப்போகும் வேலை என்றால் ஃபிளாஸ்க். தனியாளாக ஒரு கருவிப் பக்கம், உள்வலையில் ஓர் அறிக்கை, கையில் எடுத்துப்போக வேண்டிய எதுவும் என்றால் பாட்டில். கேம்ப்பிங்கை வேலைக்கு எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் ரூபி தெரிந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் விரிவான பதிப்பை முதலில் படித்துவிட்டு, பிறகு சுருக்கிய பதிப்பைத் திறந்து பார்க்கலாம். ஃபிரேம்வொர்க் என்பது என்ன என்று அதைவிடச் சுருக்கமாகக் கற்றுத்தரும் ஃபைலை நான் பார்த்ததில்லை.

பைட் கணக்கு நிஜமாகவே உறைக்கும் இடமும் ஒன்று உண்டு. இஎஸ்பி32 போன்ற சில்லில் மொத்த நினைவகமே 520 கிலோபைட். அங்கே ஃபிளாஸ்க்கை நினைத்தே பார்க்க முடியாது. அதற்கு, சிறு சில்லுகளுக்கான பைத்தானாகிய மைக்ரோபைத்தானில் ஓடும் மைக்ரோடாட் என்ற ஃபிரேம்வொர்க் இருக்கிறது. எழுதியவர் மிகெல் கிரின்பெர்க், ஃபிளாஸ்க் பாடங்களால் பலருக்குப் பழக்கமானவர். அதனால் எழுதும் முறை ஃபிளாஸ்க் சாயலிலேயே இருக்கும். ஃபிளாஸ்க் தெரிந்தவர் புதிதாகப் படிக்க வேண்டியது அதிகம் இல்லை.