பெற்றோர் ஆசிரியர் கழகமும் பள்ளி மேலாண்மைக் குழுவும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஊர்ப் பெரியவர்களையும் நன்கொடையாளர்களையும் பள்ளியோடு இணைப்பதில் அதன் பங்கு பெரிது. ஆனால் வசதியும் செல்வாக்கும் உள்ளவர்களே அதன் பொறுப்புகளுக்கு வருவதைப் பல ஊர்களில் காணலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவோ 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தால் பிறந்தது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் மாணவர்களின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிவடைந்த பிரிவினருக்கு உரிய இடம் தரப்பட வேண்டும் என்று அச்சட்டம் வகுத்திருப்பதால், நூறுநாள் வேலை முடித்து மண் படிந்த காலோடு வரும் தாயும் தலைமையாசிரியருக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்து, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதைப் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதவைக்க முடிகிறது. அரசு நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் இக்குழுவின் கடமையே. அரசு உதவி பெறும் பள்ளிகளில் மட்டும் இது ஆலோசனை கூறும் அமைப்பாக நின்றுவிடுகிறது. அது எனக்குக் குறையாகவே படுகிறது.

கட்டடத்துக்குப் பணம் திரட்டக் கழகம் போதும். கேள்வி கேட்கும் உரிமை வேண்டுமானால், தீர்மானப் பதிவேட்டைப் படித்துப் பார்த்தபின் கையொப்பமிடும் பெற்றோரைக் கொண்ட குழுவையே நான் தேர்ந்தெடுப்பேன்.