கறிவேப்பிலைப் பெட்டிக்குள் வெள்ளை பெயின்ட்: மூன்று குளிர்கால அனுபவம்

டொராண்டோவில் செப்டம்பர் கடைசி வந்தால் இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும். கறிவேப்பிலை வளர்ப்பவர்கள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுகிற நேரம் அது. டிசம்பர் இறுதியில் பகல் முழுதாக ஒன்பது மணி நேரம்கூட இருக்காது. ஜன்னலோரம் வைத்தாலும் இலை கொட்டிவிடும். அதனால்தான் 2021 அக்டோபரில் பேஸ்மென்டில் ஒரு செடிப் பெட்டி செய்தேன். பிளைவுட் பலகை, பைன் சட்டம். மூன்றடி அகலம், இரண்டடி ஆழம், ஐந்தடி உயரம். மேலே எல்இடி விளக்கு, பின்பக்கம் சின்ன விசிறி, 14 மணி நேரத்துக்கு டைமர்.

உள்ளே வெள்ளை அடிக்க வேண்டும் என்று தெரியும். மேலிருந்து வரும் வெளிச்சம் மரப்பலகையில் பட்டால் கணிசமான பங்கு பலகையோடு போய்விடும். நல்ல வெள்ளை பெயின்டில் இருக்கும் டைட்டானியம் டையாக்சைடு, விழும் ஒளியில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். அடியில் இருக்கும் இலைக்கும் வெளிச்சம் போய்ச் சேரும். இதெல்லாம் சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தேன். தவறு டப்பாவில் நடந்தது.

கராஜில் பாதி டப்பா எண்ணெய் பெயின்ட் மிச்சம் இருந்தது. பளபளப்பான வெள்ளை, கதவுக்கும் கம்பிக்கும் அடிக்கிற ரகம். சனிக்கிழமை இரண்டு பூச்சு அடித்தேன். புதன்கிழமை விரலால் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று நினைத்து அன்று மாலையே தொட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். சூடு வெளியே போகக் கூடாது என்று விசிறியை மணிக்குப் பதினைந்து நிமிடம்தான் ஓடவிட்டேன்.

ஆறாவது நாள் கீழ் இலைகள் மஞ்சளாயின. காம்பின் நுனிப்பக்க இலைகள் உள்நோக்கிச் சுருண்டன. தண்ணீர் அதிகமோ, குளிர்கால உறக்கமோ, சிலந்திப்பூச்சியோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துக்கூடத் தேடினேன், பூச்சி இல்லை. பத்தாவது நாள் காம்பைத் தொட்டாலே இலை உதிர்ந்தது.

செடியைக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர். பார்க்கக் கூப்பிட்டேன். கதவைத் திறந்ததும் செடியைப் பார்க்கவில்லை. முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “தம்பி, உள்ளுக்கை என்ன மணக்குது? பழைய எண்ணெய் மணம் மாதிரி. முதல்ல இதை வெளியில எடுங்கோ.” தினமும் போய் வந்ததால் எனக்கு அந்த வாசனை பழகிப்போயிருந்தது. அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் தெரிந்தது.

எண்ணெய் பெயின்ட் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் கரைப்பான் ஆவியாகும். அந்த டர்பென்டைன் வாசனை சில நாளில் குறையும். அப்புறம் அதிலுள்ள எண்ணெய், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும். அந்த வேலை வாரக்கணக்கில் நடக்கும். அப்போது ஹெக்சனால் போன்ற ஆல்டிஹைடுகள் வெளிவரும். அக்கா சொன்ன பழைய எண்ணெய் மணம் அதுதான். திறந்த அறையில் இது கலைந்து போய்விடும். முப்பது கன அடிப் பெட்டிக்குள், விளக்கின் சூட்டில், கதவு சாத்திய நிலையில் எங்கே போகும்? செடி மூச்சுவிடும் காற்றே அதுதான்.

செடியைத் தெற்கு ஜன்னலுக்கு மாற்றினேன். கிறிஸ்துமஸுக்குள் வெறும் குச்சி. நகத்தால் பட்டையைக் கீறினால் உள்ளே பச்சை இருந்தது; அந்த ஒரு நம்பிக்கையில் தண்ணீரைக் குறைத்துக் காத்திருந்தேன். மார்ச் கடைசியில் அடித்தண்டில் இரண்டு துளிர் வந்தது. அன்றைக்கு அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

2022 கோடையில் பெட்டியைப் பிரித்து, பலகைகளைக் கராஜில் காற்றாட நிறுத்தி வைத்தேன். ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்தேன். கோடையிலேயே செய்ததற்குக் காரணம் உண்டு: தண்ணீர் பெயின்ட் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் படலம் பிடிக்காது. நவம்பரில் குளிர்ந்த கராஜில் அடித்தால் பொடிப்பொடியாகப் போகும். வீட்டுக்குள் அடித்தால் நமக்கும் வாசனை.

முதலில் பளபளப்பு போகும்வரை உப்புத்தாள் தேய்த்தேன், மாஸ்க் போட்டுக்கொண்டு, வாசலுக்கு வெளியே. பழைய எண்ணெய் பூச்சின்மேல் தண்ணீர் பெயின்ட் நேராக ஒட்டாது, உரிந்துவரும். அதனால் நன்றாகப் பிடிக்கும் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, ஒரு தடவை. பிறகு வாசனை குறைந்த அக்ரிலிக், பளபளப்பில்லாத மேட் வெள்ளை, இரண்டு பூச்சு. டப்பாவில் விஓசி என்று போட்டிருக்கும். காற்றில் ஆவியாகிற சேர்மங்களின் அளவு அது. ‘ஜீரோ’ என்று விற்பவற்றில் பெரும்பாலும் லிட்டருக்கு 5 கிராமுக்கும் குறைவாக இருக்கும். வண்ணம் கலக்கச் சொன்னால் அந்த வண்ணக்கூழால் அளவு ஏறலாம். நமக்கு வெள்ளைதானே வேண்டும். கடையில் எதையும் கலக்காமல் அப்படியே வாங்குங்கள். உட்புறம் மொத்தம் 62 சதுர அடி வந்தது. 946 மில்லி டப்பா ஒன்று ஒரு பூச்சுக்கு 100 சதுர அடிக்குச் சற்று முன்னே பின்னே வரும், ஆகவே இரண்டு டப்பா.

ஒரு மணி நேரத்தில் தொட்டால் காய்ந்திருக்கும், நாலு மணி நேரத்தில் அடுத்த பூச்சு அடிக்கலாம் என்று டப்பாவில் இருக்கும். அது பெயின்ட் அடிப்பவருக்கான கணக்கு. படலம் முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். நான் 30 நாள் விட்டேன். கதவு திறந்தபடி, எதிரில் டேபிள் ஃபேன். கடைசி வாரம் பெட்டியை உள்ளே கொண்டுவந்து விளக்கைப் போட்டு, கதவைச் சாத்தி ஒரு நாள் முழுக்க விட்டேன். சூட்டில்தான் மிச்ச ஆவி வெளியே வரும். மறுநாள் கதவைத் திறந்து முகர்ந்தேன். போன தடவை என் மூக்கு ஏமாற்றியதால் அக்காவையும் கூப்பிட்டு முகரச் சொன்னேன்.

மூக்கை மட்டும் நம்பாமல் வெந்தயத்தையும் வைத்துப் பார்த்தேன். இரண்டு பழைய ஊறுகாய் பாட்டில்களை வெந்நீரில் கழுவி, ஈர டிஷ்யூவில் இருபது இருபது வெந்தயம் போட்டேன். பெயின்ட் அடிக்கும்போதே கூடவே அடித்து வைத்திருந்த ஒரு மரத்துண்டை ஒன்றில் போட்டேன், மற்றதில் பெயின்ட் இல்லாத துண்டு. இரண்டையும் மூடி ஒரே இடத்தில் வைத்தேன். நாலாம் நாள் இரண்டிலும் முளை ஒரே நீளம், வேர் வெள்ளையாக, நுனி கருகாமல். அடித்த மூன்றாம் நாளும் இதே சோதனை செய்திருந்தேன். அப்போது பெயின்ட் துண்டு இருந்த பாட்டிலில் முளைகள் பாதி நீளத்தில் நின்று நுனி பழுப்பாகியிருந்தன. வாசனை குறைந்த பெயின்ட்தான், ஆனாலும் மூன்று நாள் போதவில்லை. பிறகு ஒரு தக்காளி நாற்றைப் பெட்டிக்குள் ஒரு வாரம் வைத்தேன். கெட்ட காற்று பட்டால் தக்காளியின் இலைக்காம்பு சீக்கிரம் கீழ்நோக்கி வளைந்து காட்டிக்கொடுக்கும். வளையவில்லை. அப்புறம்தான் கறிவேப்பிலை உள்ளே போனது.

மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. சுவரும் மேல்பகுதியும் இன்னும் வெள்ளையாகவே இருக்கின்றன. எண்ணெய் வெள்ளை இருட்டில் மஞ்சளாகும். அக்ரிலிக் அப்படி ஆகவில்லை. செடியின் அடி இலை மட்டத்தில் போனில் வெளிச்சம் அளந்து பார்த்தேன். வெறும் பலகையாக இருந்தபோது அளந்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஜனவரியிலும் வாரம் இரண்டு கொத்து பறிக்கிறோம்.

குறையும் உண்டு. தரையில் மேட் பெயின்ட் தாங்கவில்லை. தட்டில் வழிந்த தண்ணீரில் இரண்டாம் குளிர்காலமே ஊதி, ஓரத்தில் கரும்பூஞ்சை புள்ளி வந்தது. 2024 ஆகஸ்டில் தரையையும் சுவரில் அடி ஆறு அங்குலத்தையும் மட்டும் தேய்த்துவிட்டு, துடைக்கக்கூடிய, லேசாகப் பளபளக்கும் சாட்டின் ரகம் அடித்தேன். அந்தத் துண்டுக்கும் அதே 30 நாள். இன்னொன்று, பைன் சட்டத்தின் கணுக்களிலிருந்து பிசின் மஞ்சளாகக் கசிந்து வந்துவிட்டது. அந்த இடங்களுக்கு மட்டும் ஷெல்லாக் (அரக்கு) பிரைமர் தொட்டிருந்தால் வந்திருக்காது.

சீலிங் பெயின்ட் மலிவு, வெளிச்சத்தையும் நன்றாகச் சிதறடிக்கும். ஆனால் ஈரத்துணி பட்டாலே மாவாக வரும், நான் பரிந்துரைக்க மாட்டேன். குளியலறைக்கான பூஞ்சை எதிர்ப்பு ரகத்தையும் தவிர்த்தேன். சமையலுக்குப் பறிக்கிற இலை இருக்கும் மூடிய பெட்டியில் கூடுதல் மருந்து எதற்கு? விசிறியை இன்னும் கொஞ்சம் அதிக நேரம் ஓடவிட்டால் பூஞ்சையே குறைகிறது. ஷெட்டில் கிடக்கும் பல வருடப் பழைய டப்பாவை மட்டும் தொடவே தொடாதீர்கள். முன்பு தண்ணீர் பெயின்டிலும் பூஞ்சை வராமலிருக்கப் பாதரசச் சேர்மம் கலந்தார்கள். அமெரிக்காவில் வீட்டு உட்சுவர் பெயின்டில் அது 1990இல்தான் நிறுத்தப்பட்டது. கண்ணாடிக் குடில்களில் ரோஜாக்களைக் கெடுத்த ஆவி அது. அப்படிப்பட்ட டப்பாவை நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுத்துவிடலாம். கதவு ஓரத்துக்கு ஒட்டும் மெத்தென்ற பிவிசி பட்டையும் வேண்டாம். அதை மெத்தாக்கக் கலக்கும் தாலேட்டுகளில் சில, இலையை வெளுக்கச் செய்யும். நான் சிலிகோன் பட்டை ஒட்டியிருக்கிறேன்.

இந்த வருஷம் அக்காவும் தனக்கு ஒரு பெட்டி கேட்டிருக்கிறார். பலகை வெட்டி வைத்தாயிற்று, கணுக்களுக்கு ஷெல்லாக் பிரைமரும் வாங்கியாயிற்று. அவருடைய தொட்டி செப்டம்பர் 25க்குள் உள்ளே போக வேண்டும். முப்பது நாளும் தக்காளிக்கு ஒரு வாரமும் கழித்தால், கடைசிப் பூச்சு ஆகஸ்ட் 18க்குள் முடிந்திருக்க வேண்டும்.