ரோட்டரி டேபிள் அளக்க ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு (பிறை, பினாங்கு)

பிறையில் சின்ன சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் மெஷின்) பட்டறை வைத்திருக்கிறேன். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ரோட்டரி டேபிள், அதாவது வெட்டுகிற பொருளைச் சொன்ன கோணத்துக்குத் திருப்பும் மேசை, சரியாகத் திரும்புகிறதா என்று அளக்க ஒரு கம்பெனியைக் கூப்பிட்டேன். கூலி 1,800 வெள்ளி. சான்றிதழ் இருந்தால்தான் பாயான் லெப்பாஸ் வாடிக்கையாளர் வேலை கொடுப்பார்.

வந்த தம்பி டேபிள் நடுவில் 12 முகக் கண்ணாடியை வைத்து எதிரே ஆட்டோகாலிமேட்டரை (கண்ணாடியில் ஒளியை அடித்து, திரும்பி வருவதை வைத்துக் கோணம் அளக்கும் கருவி) நிறுத்தினார். கண்ணாடி திரும்புவதைப் போல இரண்டு மடங்கு ஒளி விலகும் என்பதால், டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கான ஆர்க்செகண்டையே அதில் பிடிக்கலாம். கருவி மேல் குறையில்லை. ஆனால் 30 டிகிரிக்கு ஒரு தடவை நிறுத்தி, ஒரே திசையில், ஒரே சுற்று. நாற்பது நிமிஷத்தில் பெட்டியை மூடிவிட்டார். சுவர்த் தெர்மாமீட்டர் 31 காட்டியது.

வந்த சான்றிதழிலோ இரு திசை, திசைக்கு ஐந்து சுற்று, 20 டிகிரி செல்சியஸ், ±4 ஆர்க்செகண்ட். எடுக்காத ஒன்பது சுற்றுக்கும் எண் போட்டிருந்தார்கள்!

அதை நம்பி 16 பிரிவு டரட் தட்டு (வெட்டும் கருவிகளைச் சுற்றிலும் பிடித்திருக்கும் சுழல் தட்டு) 11 செய்து அனுப்பினோம். அத்தனையும் திரும்பி வந்தது. ஒன்று, மூன்று, ஐந்தாம் இடம் சரி. இரண்டு, நான்கு, ஆறு 40 ஆர்க்செகண்ட் தள்ளி. 120 மில்லிமீட்டர் ஆரத்தில் அது 23 மைக்ரான்.

ராத்திரி கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. என் டேபிளைத் திருப்புவது வோர்ம் என்கிற திருகு; அது தள்ளும் பல்சக்கரமான வோர்ம் வீலுக்கு 72 பல். வோர்ம் ஒரு சுற்று சுற்றினால் டேபிள் 5 டிகிரி நகரும். 30 டிகிரிக்குச் சரியாக 6 சுற்று. வோர்ம் எவ்வளவு கோணலாக ஓடினாலும் அளக்கிற நேரமெல்லாம் அதே நிலையில் வந்து நிற்கும், தப்பு தெரியாது. 16 பிரிவுக்கு 22.5 டிகிரி, அதாவது நாலரைச் சுற்று. அந்த அரைச் சுற்றில் வெளியே வந்துவிட்டது. மெஷின் துல்லியத்தை அளப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 230-2 அளக்கும் இடங்களை ஒரே இடைவெளியில் வைக்காமல் கொஞ்சம் கொஞ்சம் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். திரும்பின கோணத்தை மெஷினுக்குச் சொல்லும் என்கோடர் டேபிளில் இல்லாமல் மோட்டாரில் இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள்.

அளந்த கம்பெனிக்குப் போன் செய்தேன். “எல்லாரும் இப்படித்தான் எடுக்கிறாங்க அண்ணே” என்றார்கள். சான்றிதழில் சாம் (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) முத்திரை வேறு இருந்தது. அந்த அங்கீகாரம் கொடுக்கும் ஸ்டாண்டர்ட் மலேசியா இணையதளத்தில் தேடினால் அவர்கள் அங்கீகாரத்தில் நீள அளவு மட்டும்தான், கோணம் இல்லவே இல்லை. பணம் கட்டுமுன் அதைப் பாருங்கள். பல் எண்ணிக்கையைக் கேட்காமல் அளக்க வருகிறவரை உள்ளே விடாதீர்கள்.

அன்று எடுத்த அசல் அளவுத் தாளைக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. இன்னும் அனுப்பவில்லை.