கால் பிரண்டு வந்தால்: எல்லோருக்கும் எக்ஸ்ரேயா, ஒட்டாவா விதியா?

வரப்பில் வழுக்கி உள்பக்கமாக மடங்கிய கால். பாதத்தில் சேறு காய்ந்திருக்கிறது, வெளிக்கணுவைச் சுற்றி முட்டை அளவுக்கு வீக்கம். கூட வந்தவர் கேட்பது ஒன்றுதான்: "சார், எதுக்கும் ஒரு படம் எடுத்துப் பாத்துடலாமா?" டியூட்டி டாக்டர் முன்னால் மூன்று வழிகள் உண்டு. வருகிற எல்லோருக்கும் படம் எடுப்பது ஒன்று. ஒட்டாவா விதிப்படி கையால் அழுத்திப் பார்த்து முடிவெடுப்பது இரண்டாவது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் விதி மூன்றாவது. ஒட்டாவா பக்கம் சாய்ந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், எனவே அதற்கு இடம் கூடுதலாகப் போகும்.

எல்லோருக்கும் படம் எடுப்பதற்கு எதிராகக் கதிர்வீச்சைக் காரணம் காட்டுகிறவர்கள் உண்டு. அது வலுவான வாதம் இல்லை. கணுக்கால் படத்தில் உடம்பு வாங்கும் கதிர் மிகச் சொற்பம். உண்மையான செலவு வேறு. இரவு பத்து மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தவரைப் படத்துக்காகத் தாலுகா மருத்துவமனைக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்பினால் ஆட்டோ வாடகை, கூட வருபவரின் மறுநாள் கூலி, கேசுவால்டி வரிசை எல்லாம் சேரும். இத்தனைக்கும் பிறகு, இப்படிப் படம் எடுத்தவர்களில் எலும்பு முறிந்திருப்பது 100-க்கு 15 பேருக்கும் குறைவு என்பதுதான் வெளிநாட்டு ஆய்வுகளின் கணக்கு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. படத்தில் முறிவு இல்லை என்று வந்துவிட்டால் கையால் சோதிப்பது நின்றுவிடும். குதிகால் நரம்பு என்று நம் ஊரில் சொல்லும் அகில்லஸ் தசைநார் அறுந்திருந்தால் எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் தெரியாது. குப்புறப் படுக்கவைத்து ஆடுசதையைப் பிழிய வேண்டும், பாதம் கீழே அசையாவிட்டால் அறுந்திருக்கிறது என்று பொருள். கீழ்க்காலின் வெளிப்பக்க எலும்பான பிபுலா, முழங்காலுக்குக் கீழே மேல்முனையில் முறிந்திருந்தால் கணுக்கால் படத்தின் எல்லைக்குள்ளேயே அது வராது. அவசரத்தில் ஒரே கோணத்தில் எடுத்த படமும் ஏமாற்றும். நேர்படம், பக்கவாட்டுப் படம், காலை 15 முதல் 20 டிகிரி உள்ளே திருப்பி எடுக்கும் மார்ட்டிஸ் படம் என மூன்றும் வேண்டும்.

ஒட்டாவா விதியை 1992-ல் கனடாவில் இயன் ஸ்டீலும் குழுவினரும் வகுத்தார்கள். முதல் வடிவில் 55 வயதுக்கு மேல் என்றாலே படம் என்று இருந்தது, மறு ஆண்டு திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது உள்ளது இவ்வளவுதான். கணுப் பகுதியில் வலி இருந்து, வெளிக்கணுவின் பின்விளிம்பிலோ நுனியிலோ எலும்பை அழுத்தினால் வலித்தால் படம். உள்கணுவிலும் அப்படியே. அடிபட்ட உடனேயும், மருத்துவமனையிலும், இரண்டு நேரமும் நான்கு அடி வைக்க முடியாமல் போனாலும் படம். நடுப்பாதத்தில் வலி என்றால் பார்க்க வேண்டிய எலும்புகள் வேறு: சுண்டுவிரலுக்கு நேர் பின்னால் பாதத்தின் வெளி ஓரத்தில் துருத்தி நிற்கும் ஐந்தாவது மெட்டாடார்சலின் அடி, உள்பக்க வளைவின் உச்சியில் இருக்கும் நாவிகுலர். அடி வைக்கும் கேள்வி இங்கேயும் அதே. எதுவும் இல்லையென்றால் படம் தேவையில்லை.

இந்த விதி தோற்கிற இடங்களில் பெரும்பாலும் தோற்பது விரல்தான். பிரண்ட காலில் கணுவுக்கு முன்பக்கம் அழுத்தினால் எல்லோருக்கும் வலிக்கும், அங்கே கிழிந்திருப்பது தசைநார். விதி கேட்பது பின்விளிம்பு. கணுவின் நுனியிலிருந்து மேல்நோக்கி 6 சென்டிமீட்டர், மூன்று விரலைச் சேர்த்துப் படுக்கவைத்தால் வரும் அகலத்துக்குச் சற்று மேல். வீக்கம் தெரியும் இடத்தில் தொடங்கக் கூடாது. நல்ல காலில் ஒரு முறை அழுத்திக் காட்டிவிட்டு, அடிபட்ட காலில் முழங்காலுக்கு வெளிப்பக்கக் கீழிருந்து பிபுலாவைத் தடவி இறங்கி வர வேண்டும். மேல்முனை முறிவும் அப்போதே அகப்படும். "வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே அழுத்தினால் எல்லாப் பதிலும் ஆமாம்தான். பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டு முகத்தைப் பார்ப்பது மேல்.

டெல்டாவில் இதற்கு முன்பே ஒரு வேலை உண்டு. பாதிக் கால்கள் பத்துப் போட்டுத்தான் வரும். உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் காய்ந்து ஓடுபோல இறுகியிருக்கும், சில நேரம் மேலே மூங்கில் பத்தையும் கட்டியிருப்பார்கள். அதன் மேலேயே அழுத்திப் பார்த்துவிட்டு "எலும்பில் வலியில்லை" என்று எழுதக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, தோல் தெரிந்த பிறகுதான் விரல்.

அடி வைக்கும் கேள்வியிலும் வழுக்கல் உண்டு. ஆட்டோவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்ததாலேயே நடக்க முடியாதவர் என்று எழுதிவிடுவார்கள். கேட்க வேண்டியது, "வயல்லேருந்து ரோட்டுக்கு எப்படிண்ணே வந்தீங்க?" என்பது. "நொண்டி நொண்டி வந்துட்டேன், வீட்டுக்குப் போனப்பறந்தான் வீங்கிச்சு" என்றால் உடனடி அடி வைத்தாயிற்று. இப்போது முடியவில்லை என்றாலும் அந்த நிபந்தனை மட்டும் பொருந்தாது. எலும்பில் வலி இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. நான்கு அடி என்பது ஒவ்வொரு காலிலும் இரண்டு முறை பாரம் இறங்குவது. தாங்கித் தாங்கி நடந்தாலும் நடைதான், சுவரையோ மகன் தோளையோ பிடித்தால் கணக்கில்லை. அழுத்திப் பார்த்த பிறகே நடக்கச் சொல்லுங்கள். எலும்பில் வலி இருந்தால் படம் உறுதி, நடக்கவைத்து வதைப்பானேன்.

27 ஆய்வுகளையும் 15,581 பேரையும் சேர்த்துப் பார்த்த 2003-ம் ஆண்டுத் தொகுப்பில் இந்த விதி தவறவிட்ட முறிவு 2 சதவீதத்துக்கும் குறைவு. தேவையற்ற படங்கள் 30 முதல் 40 சதவீதம் குறையும் என்றும் மதிப்பிட்டார்கள். இது முறிவு இல்லை என்று விலக்குகிற விதி, இருக்கிறது என்று நிரூபிக்கிற விதி அல்ல. படம் எடுக்கச் சொன்னவர்களில் பலருக்கு முறிவு இருக்காது. அதைக் குறையாகச் சொல்கிறவர்கள்தான் பெர்ன் பக்கம் போகிறார்கள்.

2005-ல் வந்த பெர்ன் விதியில் மூன்று அழுத்தங்கள்: வெளிக்கணு நுனிக்கு 10 சென்டிமீட்டர் மேலே பிபுலாவை அழுத்துவது, உள்கணுவைக் கட்டைவிரலால் நேராக அழுத்துவது, நடுப்பாதத்தையும் குதிகாலையும் சேர்த்துப் பிடித்து நெருக்குவது. நடக்கவைக்க வேண்டியதே இல்லை என்பது கவர்ச்சி. முதல் ஆய்வில் 354 பேரில் ஒரு முறிவையும் தவறவிடவில்லை, தேவையற்ற படங்களும் வெகுவாகக் குறைந்தன. வேறு ஊர்களில் வேறு கைகள் சோதித்தபோது அந்தத் துல்லியம் நிற்கவில்லை, முறிவுகள் தவறின. ஷிப்டுக்கு ஷிப்ட் பயிற்சி மருத்துவர் மாறும் கேசுவால்டிக்கு இது ஒத்துவராது என்பது என் கணிப்பு. அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்க்கலாம் என்பதும் இதே ரகம்: கை பழகியவருக்கு நல்லது, அதற்கு மேல் அழுத்திச் சொல்லத் தயங்குகிறேன்.

ஒட்டாவாவைக் கையிலெடுக்கக் கூடாத கால்களும் உண்டு. நீண்டகாலச் சர்க்கரையால் பாதம் மரத்தவர், குடித்திருப்பவர், தென்னையிலிருந்து விழுந்து வேறு இடத்திலும் பலத்த அடி உள்ளவர் ஆகியோரிடம் "வலிக்கவில்லை" என்ற பதிலை நம்ப முடியாது. வீக்கத்தில் எலும்பே விரலுக்கு எட்டாத காலும் அப்படித்தான். இவர்களுக்கு நேராகப் படம். விதி பெரியவர்களை வைத்து உருவானது. பள்ளிப் பிள்ளைகளிடமும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், ஐந்து வயதுக்குக் கீழே எனக்குத் துணிவில்லை.

அடிதடி வழக்கு தனிக் கணக்கு. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டரில் ஏறிய கால் நான்கு அடி நடந்தாலும் படம் எடுத்து வைப்பதுதான் முறை, காயச் சான்றிதழ் எழுதும்போது அந்தப் படம் வேண்டும்.

படமில்லாமல் அனுப்பினால் வேலை முடிந்துவிடாது. காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பது, துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், கிரேப் பேண்டேஜ், பாராசிட்டமால் என்று சொல்லிவிட்டு, "அம்மா, யார் கேட்டாலும் சுளுக்கு வழிக்க விடாதீங்க" என்பதையும் சேர்க்க வேண்டும். ஓபி சீட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: ஐந்தாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் அடி வைக்க முடியாவிட்டால் திரும்ப வரவும். வீக்கம் வடிந்த அந்தக் காலில் விரல் வைத்தால் முதல் நாள் மறைந்திருந்த இடமும் சொல்லும். அன்று சந்தேகம் இருந்தால் தயங்காமல் படம் எடுத்துவிடலாம்.