ஜெர்மேனியம் என்ற பெயரில் வந்த சிலிக்கான்: பெடல் மாற்றும் கிட் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

சால்டரிங் அயர்னைப் புதிதாகக் கையில் எடுத்த கிட்டார் வாசிப்பவர் எவருக்கும், தன் எஃபெக்ட் பெடலைத் திறந்து உள்ளே நாலைந்து பாகங்களை மாற்றிப் பார்த்தால் என்ன என்ற ஆசை ஒரு நாள் வந்தே தீரும். எனக்கும் வந்தது. அந்த ஆசையை வைத்தே பிழைப்பு நடத்தும் ஒரு விற்பனையாளரிடம் நான் இரண்டு முறை ஏமாந்தேன். முதல் முறை ஒரு கிட் (மாற்ற வேண்டிய பாகங்கள் அடங்கிய பொதி) வாங்கி, இரண்டாம் முறை பெடலையே அவரிடம் அனுப்பிவைத்து. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே பாணியில் விற்கும் இன்னொருவரிடம் நீங்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

என்னிடம் இருந்தது ஐபனெஸ் டிஎஸ்9, கிட்டார் ஒலியை முரடாக்கும் ஓவர்டிரைவ் பெடல். 1982-இல் முதலில் வெளிவந்த இந்த மாடலுக்கும், அதற்கு முன்பு வந்து பெரும் பெயர் பெற்ற டிஎஸ்808-க்கும் சர்க்யூட்டில் உள்ள முக்கிய வேறுபாடு, வெளியீட்டுப் பகுதியில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்)தான். பழையதில் அவை 100 ஓம், 10 கிலோ ஓம். புதியதில் 470 ஓம், 100 கிலோ ஓம். பெடல்களைப் பிரித்துப் பழகிய யாருக்கும் தெரிந்த இந்தச் செய்தி அன்று எனக்குத் தெரியாது. "பழைய பெடலின் ரகசியம்" என்று விளம்பரத்தில் படித்தபோது, உள்ளே ஏதோ பெரிய சங்கதி இருக்கிறது என்றே நம்பினேன்.

புதிய பெடல் விலையில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்து வாங்கிய கிட்டில் இருந்தவை இவை: மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் நான்கு "ஜெர்மேனியம்" டையோடுகள் (இரண்டு போதும், மற்ற இரண்டு உபரி), ஒலியைப் பெருக்கும் சிப்பான, "பழைய இருப்பிலிருந்து எடுத்த" 4558 ஐசி ஒன்று, ரெசிஸ்டர்கள் இரண்டு, ஒன்பது கால் கொண்ட 3பிடிடி என்ற கால்மிதி சுவிட்ச் ஒன்று, ஒரு பக்கக் குறிப்புத் தாள். அந்தத் தாளில் எந்தப் பாகத்தின் எண்ணும் மதிப்பும் இல்லை. "அ என்ற இடத்தில் இருப்பதை எடுத்துவிட்டு முதல் உறையில் உள்ளதை வைக்கவும்" என்ற வகையிலேயே முழுத் தாளும் இருந்தது. ரெசிஸ்டர்களின் உடல் முழுக்கக் கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருந்தது. நிறப் பட்டைகளைப் பார்த்து மதிப்பைக் கண்டுபிடித்துவிடக் கூடாதாம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மாறாக, இவ்வளவு பாதுகாக்கிறார் என்றால் விஷயம் பெரியதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ரெசிஸ்டர்கள் சுலபமாக மாறின. சுவிட்சை என்ன செய்வது என்று தெரியவில்லை. டிஎஸ்9-இன் மிதிபலகைக்கு அடியில் இருப்பது சிறிய அழுத்து சுவிட்ச், அந்த இடத்தில் 3பிடிடி நேராக உட்காராது, பெட்டியில் துளையிட வேண்டும். "அப்படியே பொருந்தும்" என்று விளம்பரத்தில் இருந்ததைச் சுட்டிக்காட்டி எழுதியதற்கு, அது வேறு மாடல் வைத்திருப்பவர்களுக்காகச் சேர்த்தது என்று பதில் வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு டையோடுகளுக்குப் போனேன்.

இங்கே என் தவறையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய டையோடு ஒன்றை வெளியே எடுக்கும்போது, ஈயம் முழுவதும் உருகுவதற்கு முன்பே பாகத்தைப் பிடித்து இழுத்தேன். போர்டின் அடிப்பக்கம் இருந்த செம்புப் பொட்டு லேசாகத் தூக்கிக்கொண்டது. ஒன்றும் ஆகாது என்று புதிய டையோடின் காலை அதே துளையில் நுழைத்து, தாராளமாக ஈயம் வைத்து மூடினேன். காலை வெட்டிவிட்டு, ஈயத்தை உறிஞ்சி எடுத்த பிறகே மிச்சத்தை உருவ வேண்டும் என்ற ஒரு வரி அந்தக் குறிப்புத் தாளில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. முதல் முறை செய்பவர்களுக்கென்றே விற்கப்படும் கிட் அது.

பெடலை மூடி வாசித்துப் பார்த்தபோது சத்தம் முன்பைவிடப் பெரிதாகவும் முரடாகவும் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிரவே விற்பனையாளருக்கு நான்கு வரியில் பாராட்டுக் கடிதம் எழுதினேன். அடுத்த வாரம் அது அவருடைய விளம்பரத்தில் இடம்பெற்றிருந்தது.

கொஞ்சம் விஷயம் தெரிந்தவராக இருந்தால் இந்த இடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். இந்த வகைப் பெடலில் ஆப்-ஆம்ப்பின் (ஒலியைப் பெருக்கும் அந்த ஐசியின்) வெளியீட்டை உள்ளீட்டுக்கே திருப்பிவிடும் பின்னூட்டப் பாதையில் இரண்டு டையோடுகள் எதிரெதிர்த் திசையில் இருக்கும். ஒன்று அலையின் மேல்பாதியை வெட்டும், மற்றது கீழ்ப்பாதியை வெட்டும். சிலிக்கான் டையோடு 0.6 வோல்ட் அளவில் வெட்டத் தொடங்குகிறது, ஜெர்மேனியம் 0.3 வோல்ட் அளவிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே உண்மையான ஜெர்மேனியம் போட்டிருந்தால் சத்தம் குறைந்திருக்க வேண்டும். எனக்கோ கூடியது. கூடிய சத்தத்தை நல்ல சத்தம் என்று எடுத்துக்கொள்வது காதுக்கு இயல்பு. இந்த வியாபாரத்தில் பாதி அந்த இயல்பின் மேல்தான் நிற்கிறது என்பது என் இப்போதைய கருத்து.

அந்த உற்சாகத்தில்தான் இரண்டாம் தவறைச் செய்தேன். எட்டுக் கால் ஐசியைக் கழற்ற எனக்குப் பயமாக இருந்ததால், அதை அவரே மாற்றித் தரும் "நிறைவுச் சேவை"க்குப் பணம் கட்டி, பெடலை அனுப்பினேன். கிட்டில் வந்த ஐசியை நானே வைத்துக்கொள்ளலாம், தம்மிடம் அதைவிடத் தேர்ந்தெடுத்த ஒன்று இருக்கிறது என்றார். ஐந்து வாரம் கழித்துப் பெடல் திரும்பி வந்தது. மூடியைத் திறந்தால், பாகங்கள் இருக்கும் பக்கத்தில் ஐசியையும் டையோடுகளையும் சேர்த்து மூடியபடி எபாக்ஸி என்ற, கல்லாக இறுகும் கறுப்புப் பசை கட்டியாக ஊற்றப்பட்டிருந்தது. மற்றவர்கள் வடிவமைப்பைக் காப்பியடிக்காமல் இருக்க இப்படிச் செய்வது வழக்கம் என்று ஒரு சிறு சீட்டு உள்ளே இருந்தது. கழற்றிய பழைய ஐசியைக் கேட்டேன், தூக்கிப்போட்டுவிட்டதாகச் சொன்னார்.

உண்மை வெளியே வந்தது ஒரு நண்பனால். மாற்றம் எதுவும் செய்யாத டிஎஸ்9 ஒன்று அவனிடம் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்து, என் பெடலின் வால்யூமைக் குறைத்து இரண்டும் ஒரே அளவில் கேட்கும்படி செய்தான். அளவு சமமானதும் என்னுடையதன் பெருமையெல்லாம் போய்விட்டது. ஒரு பக்கம் நெளிந்த, கரகரப்பான ஒலி மட்டுமே மிஞ்சியது. "மீட்டர்ல வெச்சுப் பாத்தியாடா?" என்று கேட்டான். ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. மல்டிமீட்டர் என் மேசையிலேயே இருந்தது.

உபரியாக வந்த இரண்டு டையோடுகளை எடுத்து மீட்டரை டையோடு அளவீட்டில் வைத்துத் தொட்டேன். 0.61, 0.60. நான் கழற்றி ஒரு தாளில் ஒட்டி வைத்திருந்த பழைய டையோடுகளைத் தொட்டேன். அதே 0.6. சிலிக்கானைக் கழற்றிவிட்டுச் சிலிக்கானையே போட்டிருக்கிறேன். 1என்34ஏ போன்ற புள்ளித்தொடர்பு ஜெர்மேனியம் டையோடு, மீட்டரில் பெரும்பாலும் 0.2 முதல் 0.4 வரை காட்டும். அதன் கண்ணாடிக் குழல் சற்றுப் பெரியது, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே முடி போன்ற ஒரு கம்பி வளைந்து நிற்பதைப் பார்க்கலாம். எனக்கு வந்தவை சின்னஞ்சிறு செம்மஞ்சள் கண்ணாடி மணிகள், ஒரு முனையில் கறுப்புக் கோடு. 1என்4148 என்ற, கைப்பிடி அளவு வாங்கினாலும் பாக்கெட் காலியாகாத சாதாரண வகையைப் போலவே இருந்தன.

அடுத்து கிட்டில் வந்த ஐசி. பஞ்சில் அசிடோன் தொட்டு அதன் முதுகைத் துடைத்தேன். எழுத்து அழிவது மட்டும் போலிக்குச் சான்றாகாது, மையால் அச்சிட்ட அசல் ஐசியிலும் எழுத்து அழியக்கூடும். ஆனால் என் பஞ்சில் எழுத்தோடு கறுப்பு வண்ணமும் சேர்ந்து வந்தது. வண்ணத்துக்கு அடியில், உப்புத்தாளால் தேய்த்தது போல ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் இருந்தன. முதல் காலைக் குறிக்கும் சிறு குழி பாதி தூர்ந்திருந்தது. உண்மையில் அது எந்த ஐசியாகவும் இருக்கலாம். 4558, டிஎல்072, எல்எம்358 எல்லாவற்றுக்கும் கால் வரிசை ஒன்றுதான் என்பதால், எதன் மேல் எந்தப் பெயரை அச்சிட்டு விற்றாலும் பெடல் வேலை செய்யும். வேலை செய்வதால் யாரும் புகார் சொல்வதுமில்லை.

பிறகு போர்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தோம். எபாக்ஸி மேல்பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. ஐசியின் எட்டு ஈயப் புள்ளிகளும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி ஒரே அளவில் பளபளவென்று இருந்தன. நான் கைவைத்த இடங்களில் மட்டும் ஈயம் மேடாகவும், ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பிசின்) படிந்து பழுப்பாகவும் இருந்தது. அதாவது அந்த ஐசி கழற்றப்படவே இல்லை. ஐந்து வாரமும் ஒரு சேவைக் கட்டணமும் எடுத்துக்கொண்டு அவர் செய்தது, என் பழைய ஐசியின் மேல் எபாக்ஸி ஊற்றியது மட்டுமே.

கடைசியாக, நான் தாராளமாக ஈயம் வைத்த அந்தப் பொட்டு. மீட்டரை, இணைப்பு இருந்தால் ஒலி எழுப்பும் தொடர்ச்சி சோதனைக்கு மாற்றி, ஒரு முனையை அந்த ஈயத்திலும் மற்றதை அதே செம்புப் பாதையின் அடுத்த இணைப்பிலும் வைத்தோம். ஒலி வரவில்லை. பாதை அறுந்திருந்தது. ஒரு டையோடு சர்க்யூட்டிலேயே இல்லை. அலையின் ஒரு பாதி 0.6 வோல்ட்டில் வெட்டுப்பட, மறுபாதி வெட்டுவார் இல்லாமல் 9 வோல்ட் மின்சாரம் அனுமதிக்கும் எல்லை வரை எகிறியிருக்கிறது. நான் பாராட்டிக் கடிதம் எழுதிய "ஜெர்மேனியம்" ஒலி அதுதான். போர்டைக் கையில் வாங்கிய விற்பனையாளர் ஒரு முறை திருப்பிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

அடிப்பக்கத்திலேயே ஒரு துண்டுக் கம்பியை வைத்து அந்த இடத்தை இணைத்தோம். ஐந்து நிமிட வேலை. பெடல் ஏறக்குறைய நண்பனுடையதைப் போலவே ஒலிக்கத் தொடங்கியது. கறுப்பு வண்ணம் பூசிய ரெசிஸ்டர்களை வண்ணம் சுரண்டி அளந்ததில் 100 ஓமும் 10 கிலோ ஓமும் சரியாக இருந்தன; மொத்தக் கிட்டிலும் சொன்னபடி இருந்தவை, எங்கும் சில்லறையாகக் கிடைக்கும் அந்த இரண்டு ரெசிஸ்டர்கள் மட்டுமே.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கிட்டை நான் சால்டர் செய்துவிட்டதால் திருப்பித் தர முடியாது என்றும், சேவை செய்த பெடலை நான் திறந்துவிட்டதால் அதற்கும் பொறுப்பில்லை என்றும் பதில் வந்தது. ஐசியின் அடிப்பக்கப் படத்தை அனுப்பிய பிறகு பதிலே இல்லை. அனுப்புவதற்கு முன் போர்டின் இரு பக்கங்களையும் படம் எடுத்து வைத்திருந்தால் என் கை இன்னும் ஓங்கியிருக்கும். அதை நான் செய்யவில்லை, நீங்கள் செய்யுங்கள். கிட் வாங்குவதாக இருந்தால், ஒவ்வொரு பாகத்தின் எண்ணையும் மதிப்பையும் எழுத்தில் கேளுங்கள்; தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். உங்கள் போர்டின் படத்தையும் முன்கூட்டியே காட்டுங்கள், ஏனென்றால் ஒரே பெயரில் வரும் பெடலின் பிந்தைய தயாரிப்புகளில் மேற்பரப்பில் ஒட்டும் பொடிப் பாகங்கள் இருந்தால் கம்பிக் கால் உள்ள பாகங்கள் அதில் பொருந்தாது. உறையைப் பிரித்தவுடன், சால்டர் சூடாவதற்கு முன்பே, டையோடுகளை மீட்டரில் வைத்துப் பாருங்கள். சால்டர் செய்த பிறகு உங்கள் பேச்சு எடுபடாது. கிட்டோடு வந்த குறிப்புத் தாளின் கடைசி வரியில் 18 வோல்ட் அடாப்டர் போட்டால் ஒலி இன்னும் விரியும் என்று வேறு எழுதியிருந்தது. 9 வோல்ட் என்று பொறித்த பெடலில், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் 16 வோல்ட் வரை தாங்குபவையாக இருந்தால் என்ன ஆகும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நல்லவேளை, அதை நான் செய்யவில்லை.

என் பாராட்டுக் கடிதத்தை விளம்பரத்திலிருந்து நீக்கும்படி மூன்று முறை எழுதிவிட்டேன். இன்னும் நீக்கவில்லை. "இவ்வளவு உயிருள்ள ஒலியை என் பெடலிலிருந்து நான் கேட்டதே இல்லை" என்று தொடங்கும் நான்கு வரிகளை எங்காவது படித்தீர்களென்றால், அது அறுந்துபோன ஒரு செம்புப் பாதைக்கு நான் எழுதியது.