குடல் கட்டிக்கு மரபணுச் சோதனை: டர்பன் ஆய்வகம் ஒன்றில் கிடைத்த சேவை

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் என் அக்காவுக்கு 62 வயதில் பெருங்குடலின் வலப்பக்கத்திலிருந்த புற்றுநோய்க் கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். அதன் திசுவை டர்பனில் உள்ள ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பி மரபணுச் சோதனை செய்துகொண்டோம். சோதனையின் தரத்தில் எனக்குக் குறையில்லை. அதைச் செய்த வரிசையில்தான் குறை.

முதல் அறிக்கை ஒரே பக்கம். கேராஸ், என்ராஸ் மரபணுக்களில் பிறழ்வு இல்லை என்பதோடு அது முடிந்துவிட்டது. இதுவும் தேவையான தகவல்தான்: குடல் கட்டிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் கேராஸ் பிறழ்ந்திருக்கும், நோய் பரவிய நிலையில் அவற்றுக்குச் செடுக்சிமாப் மருந்து பொதுவாகப் பலன் தராது. ஆனால் எல்லாக் கட்டிகளும் ஒரே வழியில் உருவாவதில்லை. பெரும்பாலானவை ஏபிசி மரபணு பழுதாகி, பிறகு கேராஸ், டிபி53 என்று படிப்படியாகச் சேதம் சேர்ந்து வளர்பவை. சுமார் 15 விழுக்காடு மட்டும், டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் செயலிழப்பதால் வருபவை. இவை வலப்பக்கத்தில்தான் அதிகம். கட்டி இருந்த இடம் விண்ணப்பத்திலேயே எழுதப்பட்டிருந்தும், அந்தப் புரதங்கள் திசுவில் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்க்கும் சாயச் சோதனையை, மருத்துவரிடம் மறுபடியும் கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகே செய்தார்கள். வட கேப் பகுதியில் பல குடும்பங்களில் அத்தகைய திருத்தும் புரதம் ஒன்றுக்கான எம்எல்எச்1 மரபணுவில் ஒரே பிறழ்வு தலைமுறைகளாகத் தொடர்வது அறியப்பட்ட இந்த நாட்டில், இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

எம்எல்எச்1, பிஎம்எஸ்2 என்ற இரண்டு திருத்தும் புரதங்களும் காணப்படவில்லை என்ற முடிவு வந்ததும் வீடே கலங்கிவிட்டது, ஏனெனில் லிஞ்ச் என்னும் பரம்பரைக் கோளாறிலும் இப்படியே வரும். 83 வயது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் குடுத்ததா கண்ணு இது?" என்று கேட்டார்.

ஆய்வகத்தின் மரபணு ஆலோசகரை மனமாரப் பாராட்டுகிறேன். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளைத் தாளில் வரைந்து, எம்எல்எச்1 சாய்ந்தால் பிஎம்எஸ்2 தனியே நிற்காது என்று விளக்கினார். அடுத்ததாக பிராஃப் மரபணுவில் வி600இ என்ற பிறழ்வைத் தேடச் சொன்னார். அது இருந்தால் நோய் பரம்பரையாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, கட்டிக்குள் மட்டும் எம்எல்எச்1 அணைந்துபோயிருக்கும் என்றார். தேடியதில் அது இருந்தது. உடன்பிறந்த நாங்கள் நால்வரும் இதற்காக இரத்தச் சோதனை செய்ய வேண்டியதில்லை என்று எழுதியே கொடுத்தார். அந்த மாட்டுப் படத்தைக் காட்டித்தான் அம்மாவுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னேன்.

ஆலோசனைக்குத் தனிக் கட்டணம் வாங்குவதை ஆய்வகம் கைவிட வேண்டும், ஏனெனில் அந்த விளக்கம் இல்லாமல் அறிக்கை எங்களுக்கு அச்சத்தை மட்டுமே தந்தது. திசு கொடுக்கப் போகிறவர்கள், திருத்தும் புரதங்கள் நான்குக்கும் சாயச் சோதனை உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.