பங்குப் பதிவேடா, பிஷப் நகலா?

இங்கிலாந்தில் அரசே பிறப்பு, இறப்புகளைப் பதியத் தொடங்கிய 1837-க்கு முந்தைய மூதாதையரைத் தேட முக்கியமான ஆவணங்கள் இரண்டு: ஆலயத்தின் பங்குப் பதிவேடு (அந்த ஆலய வட்டாரத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கங்களைக் குறித்த ஏடு), ஆண்டுதோறும் அதைப் பார்த்தெழுதி பிஷப்புக்கு அனுப்பிய நகல்.

இரண்டும் கிடைத்தால் பதிவேட்டையே முதலில் எடுங்கள். 1538-இல் தொடங்கிய ஏற்பாடு அது. 1754 முதல் திருமணப் பதிவில் மணமக்கள், சாட்சிகளின் கையெழுத்து இருக்கும்; எழுதத் தெரியாதவர் சிலுவைக்குறி இட்டிருப்பார். இரண்டு ஜான்களில் நம்மவர் யார் என்று பிரித்தறிய அதுவே போதும் சில நேரம். நகலில் எல்லாமே எழுதியவரின் ஒரே கையெழுத்து. பார்த்தெழுதும்போது வரி தாவிப் பெயரே விட்டுப்போவதும் உண்டு.

பதிவேடு ஈரத்தில் அழிந்திருந்தால் நகல்தான் கதி. அபூர்வமாக அதில் கூடுதல் குறிப்பும் கிடைக்கும். ஆனால் 1598-க்கு முன் நகலைத் தேடுவது பெரும்பாலும் வீண். 1650-களிலும் அப்படியே, அப்போது பிஷப் பதவியே ஒழிக்கப்பட்டிருந்தது.

1720 ஏப்ரலில் திருமணம், 1720 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றிருந்தால் பதறாதீர்கள். 1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1721. குறிப்பேட்டில் 1720/21 என்றே எழுதுங்கள். இணைய அட்டவணையில் பெயர் இல்லையென்றால், அது எந்த ஆவணத்திலிருந்து எடுத்தது என்று பார்த்து, மற்றதைப் புரட்டுங்கள்.